எந்திரத்துக்கும் நாடி உண்டு!
75 பேரைப் பலி கொண்ட போல்ட்டுகள்

டாக்டர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். உடம்பு கொதிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். சுழலும் எந்திரங்களுக்கும் இதே வைத்தியம்தான்!

உரத் தொழிற்சாலை, சர்க்கரை ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மின்சார நிலையம் எங்கே போனாலும், பம்பு, விசிறி, டர்பைன் என்று ஏதாவது ஒன்று இரவு பகலாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அது நின்றால் ஆலை நிற்கும். உடைந்தால் உயிருக்கே ஆபத்து!

ரஷியாவில் 2009-ம் ஆண்டு நடந்த விபத்து இதற்கு ஒரு பாடம்.

வெள்ளம் புகுந்தது

சைபீரியாவில் எனிசே ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய அணை. பெயர், சயானோ-சூஷென்ஸ்கயா. அங்குள்ள மின்சார நிலையத்தில் 10 டர்பைன்கள். ஒவ்வொன்றும் 640 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது.

ஆகஸ்டு 17-ந் தேதி காலை 8-13 மணி. 2-வது டர்பைனின் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது! பல நூறு டன் எடையுள்ள எந்திரத்தைத் தண்ணீர் தூக்கி எறிந்தது. எந்திரக் கூடத்துக்குள் வெள்ளம் பாய்ந்தது. மின்சாரம் நின்றது. ஊழியர்கள் அணையின் உச்சிக்கு ஓடி, கையாலேயே மதகுகளை மூடினார்கள். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 75 பேர் மாண்டார்கள்.

இரும்பும் களைக்கும்

என்ன காரணம்?

மூடியை இறுக்கிப் பிடித்திருந்தவை 80 போல்ட்டுகள். அவற்றில் 49-ஐ எடுத்துச் சோதித்தார்கள். 41-ல் கீறல்கள்! 6-ல் நட்டு இருந்த அடையாளமே இல்லை!

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்தால் கடைசியில் பட்டென்று முறிகிறது அல்லவா? அதேபோலத்தான் இதுவும். எந்திரம் அதிர அதிர, போல்ட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, கீறல் விட்டன.

டர்பைனின் பேரிங்கில் அதிர்வு 160 மைக்ரானைத் தாண்டக்கூடாது. விபத்துக்கு முன் அது 840 மைக்ரான் வரை போனதாக அரசாங்க விசாரணை அறிக்கை கூறியது. 1,000 மைக்ரான் ஒரு மில்லி மீட்டர். எந்திரம் இப்படி உதறியும் யாரும் அதை நிறுத்தவில்லை.

நாடி பார்ப்பது எப்படி?

நடுக்கம், சூடு, புதிய சத்தம். இந்த மூன்றும்தான் எந்திரத்தின் நோய்க்கு அறிகுறி. மோட்டாரின் அச்சும் பம்பின் அச்சும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் நடுக்கம் வரும். விசிறியின் ஒரு பக்கத்தில் அழுக்கு படிந்தாலும் வரும். எண்ணெய் வற்றினால், அல்லது அதில் தூசியோ தண்ணீரோ கலந்தால், பேரிங் தேய்ந்து சூடேறும்.

அனுபவம் உள்ள பிட்டர், ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங்கின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே நடப்பது தெரிந்துவிடும்! இப்போது அதிர்வை அளக்கக் கருவிகளும் வந்துவிட்டன.

அளந்தால் மட்டும் போதாது. நாள்தோறும் எழுதி வைக்கவேண்டும். நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கூடிக்கொண்டே போனால் எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இதற்காகவே பல ஆலைகளில் முக்கியமான இடத்தில் இரண்டு பம்பு வைக்கிறார்கள். ஒன்று ஓடும்போது மற்றது தயாராக நிற்கும்.

வீட்டுக் கிரைண்டருக்கும் இதே விதிதான். புதிதாக ஒரு சத்தம் கேட்டால் முதலில் சுவிட்சை அணைக்கவேண்டும்.

ரஷிய மின்சார நிலையத்தைச் சீர்படுத்தும் வேலை 2014-ம் ஆண்டு வரை நடந்தது. 10 எந்திரங்களும் புதிதாக வந்துவிட்டன. போன 75 உயிர்கள் வரவில்லை.