கண்ணாடிக்கு முன் காற்று

குளியலறையின் ஈரப்பகுதியையும் உலர்பகுதியையும் கண்ணாடித் தடுப்பால் பிரிக்கும் வழக்கம் தலைநகர் டில்லியின் அடுக்குமாடி வீடுகளிலும் பரவி வருகிறது. வீட்டுச் சீரமைப்புக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் அளிக்கும் மதிப்பீட்டுப் பட்டியல்களில் இதனை அடிக்கடி காண்கிறோம்.

அண்மையில் மயூர் விஹாரில், டில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றைப் பார்வையிடச் சென்றோம். ஐந்தடிக்கு ஏழடி அளவுள்ள குளியலறை. தரை முதல் கூரை வரை கண்ணாடி எழுப்பிக் கதவிட்டு மூடுவது திட்டம். வயது முதிர்ந்த தாயார் ஈரத்தரையில் வழுக்கி விழக் கூடாது, குளிர்காற்றும் அவர்மேல் படக் கூடாது என்று உரிமையாளர் கூறிய காரணம் நியாயமானதே. ஆனால், அடைக்கப்படவிருந்த அதே பகுதியில் எரிவாயு கீஸர் இருந்தது.

காற்றோட்டமில்லாத இடத்தில் எரிவாயு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிப்பவர் உணருமுன்னே மயங்கி விழக்கூடும். வட இந்தியக் குளிர்காலங்களில் இவ்வாறு நேர்ந்த மரணங்கள் பலமுறை செய்தியாகியுள்ளன.

ஆகவே, கண்ணாடியைத் தேர்ந்தெடுக்குமுன் காற்றின் வழியைத் தீர்மானித்தல் வேண்டும். எரிவாயு கீஸரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்திற்கு மாற்றுவதே முதற்பணி. தடுப்பின் உயரம் ஆறரை அல்லது ஏழடி போதும். மேலே இடைவெளி இருந்தால்தான் நீராவி வெளியேறும். சிறிய அறைக்குக் கதவின்றி ஒருபுறம் திறந்திருக்கும் நிலையான தடுப்பே ஏற்றது. ஷவருக்கு அருகே சுவரின் மேற்பகுதியில் எக்ஸாஸ்ட் விசிறி இருக்கட்டும். அறைக்கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளியும் தேவை. காற்று உள்ளே வர வழியில்லையேல் விசிறி சுழன்றும் பயனில்லை. குளிருக்கு அஞ்சுவோர் குளித்து முடித்தபின் இருபது நிமிடம் விசிறியை இயக்கினால், சுவரில் பூஞ்சை படர்வது குறையும்.

இனி, கண்ணாடி. 'டஃபன்ட்' எனப்படும் வலுவூட்டிய கண்ணாடியையே வாங்க வேண்டும். 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி விரைந்து குளிர்விக்கப்படுவதால் அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு உறுதியானது. உடைந்தாலும் சிறு துண்டுகளாகவே உதிரும். ஐ.எஸ். 2553 தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளனவா எனப் பார்த்து வாங்குவது நலம். 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன் பொருந்தும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை கொண்டது. சுவரும் பிடிப்பான்களும் அதனைத் தாங்க வேண்டும். வலுவூட்டியபின் வெட்டவோ துளையிடவோ இயலாது. எனவே டைல்ஸ் பதித்து முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும். முதியோர் பற்றிக்கொள்ளும் கைப்பிடியைக் கண்ணாடியில் அன்றி, சுவரிலேயே பொருத்த வேண்டும்.

மயூர் விஹார் வாடிக்கையாளர் தம் பட்டியலைத் திருத்தி எழுதினார். கண்ணாடியின் செலவு குறைந்தது. விசிறியும் கைப்பிடியும் கீஸரை இடம் மாற்றும் கூலியும் சேர்ந்தன. மொத்தத் தொகை ஏறத்தாழ அதுவே. தாயார் அச்சமின்றிக் குளிக்கலாம்.