பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்?

சீகிரியாவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கைப்பணிப் பொருட்கள் விற்கும் பெண்கள் குழுவொன்றிடம் ஒரேயொரு கணினி இருக்கிறது. குழுவின் சேமிப்புக் கணக்கும் அதில்தான். காணாமற்போன கணவரைத் தேடி ஒரு சகோதரி எழுதிய கடிதங்களின் பிரதிகளும் அதில்தான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. புதிய கணினி வாங்க வசதியில்லை. “லினக்ஸ் போடலாம் என்கிறார்கள். அதில் எது நல்லது, அக்கா?” என்று கேட்டார்கள். உங்களில் பலருக்கும் இக்கேள்வி இருக்கலாம்.

லினக்ஸ் என்பதும் விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்தான். மையப்பகுதி ஒன்றே. அதனுடன் திரையமைப்பு, எழுதும் மென்பொருள் முதலியவற்றைச் சேர்த்துப் பலரும் பல பெயர்களில் வெளியிடுகிறார்கள். நாம் பாவிக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை இலவசம்.

அழகைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். முதலில் கணினியின் நினைவகத்தைப் பாருங்கள். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் போதும். விண்டோஸில் பழகிய கைக்குத் தடுமாற்றம் குறைவு. 2 ஜிபி மட்டும் என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு அல்லது லுபுண்டு. உபுண்டு எடுப்பவர்கள் எல்டிஎஸ் என்று குறித்த பதிப்பையே எடுக்கவும். அதற்கு 5 வருடங்கள் ஆதரவு உண்டு; மற்றவற்றுக்கு 9 மாதங்கள்தான். மிகப் பழைய 32 பிட் கணினியைக் கைவிடுவதே மேல். டெபியன்கூட 2025இல் வந்த 13ஆம் பதிப்புடன் அவற்றில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது.

அடுத்தது தமிழ். ரெங்கநாதன் விசைப்பலகையை லினக்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்கள், ஆங்கில எழுத்துக்கள் குழம்பிக் கிடப்பதுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம், கடிதம் அழியவில்லை. பாமினி எழுத்துருவைக் கணினியில் சேர்த்தால் தமிழ் திரும்பிவிடும். சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்தவர்கள் கீறிய வரிகளை வாசிக்கப் பேராசிரியர் பரணவிதான பட்ட பாடு பெரிது. 685 பாடல்களை 1956இல்தான் அவர் நூலாக்கினார். நமக்கு அவ்வளவு பாடில்லை.

இன்னொன்று, என் அனுபவத்தில் முக்கியமானது. பக்கத்தில் யாருக்கு எது தெரியும்? திருத்துகிற தம்பியோ பாடசாலை ஆசிரியையோ உபுண்டு அறிந்தவராக இருந்தால், மின்டை விட உபுண்டுவே உங்களுக்குப் பொருத்தம்.

உடனே நிறுவிவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ளது எதுவும் மாறாது. அச்சுப்பொறி வேலை செய்கிறதா, இணையம் கிடைக்கிறதா, கணக்குத்தாள் லிப்ரே ஒபிஸில் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள்.

விண்டோஸை நீக்கி நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகும். ஆகவே மரணச் சான்றிதழ், காணிப் பத்திரம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த விண்ணப்பம், புகைப்படங்கள் எல்லாவற்றையும் வேறு இரண்டு பென் டிரைவ்களில் பிரதியெடுத்து, இருவர் வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பையும் வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே நிறுவச் சொல்லுங்கள்.