குடியிருப்பாளர் சங்கமும் ஊராட்சியும்

ஆட்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கு நாடாளுமன்றமும் அமைச்சர்களுமே நினைவுக்கு வருகின்றனர். ஆயினும், நம் வீட்டு வாசல்வரை நாள்தோறும் வந்து செல்வது ஊராட்சியே. தெருக் கால்வாய், தெருவிளக்கு, சந்தை, அங்காடிக் கடைக்கு உரிமம், பிள்ளைகள் விளையாடும் திடல், அடுத்த நிலத்தில் எத்தனை மாடிக் கட்டடம் எழலாம் என்ற அனுமதி ஆகியவை நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ முடிவாகின்றன. அம்முடிவுகளில் குடியிருப்பவர்களுக்குப் பங்கு உண்டா? உண்டெனில், அதனைப் பெறுவது எவ்வாறு? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இவற்றைச் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலையும் தண்ணீரும் லயத்து வீடும் நிர்வாகத்தின் பொறுப்பு. குறை இருந்தால் மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லுவோம். துரை மனம் வைத்தால் நடக்கும், இல்லையேல் நடக்காது. சம்பளத்திற்காகப் பேசத் தொழிற்சங்கம் இருந்தது. தெருவுக்காகப் பேச ஓர் அமைப்பு பெரும்பாலும் இருந்ததில்லை. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு நிலங்களாகியும் போகவே, நம் மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். இடம் மாறிற்று, சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பழக்கமோ மாறவில்லை.

இந்நாட்டில் ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்த காலம் உண்டு. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. நாடாளுமன்றத்தின் முன்னோடியான சட்ட மன்றத்திற்கு 1955-இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தது. ஆகவே, மலாயா மக்கள் வாக்குச் சீட்டைப் பழகியது ஊராட்சித் தேர்தலில்தான் எனலாம். இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965-ஆம் ஆண்டில் இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கிற்று. பினாங்கு மாநிலம் 2012-இல் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் அம்முயற்சிக்கு இடமில்லை எனத் தீர்ப்பளித்தது.

எனவே இன்று தீபகற்ப மாநிலங்களில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தலைவர் நீங்கலாக 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர் இருப்பர். பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது, மீண்டும் நியமிக்கப்படலாம். அவர்களுள் பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்திலேயே வசிப்பவராக இருத்தல் வேண்டும் என்பதும் சட்டமே.

வாக்குரிமை போயிற்று, இனி நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் பலர். அச்சட்டத்தையே பொறுமையாகப் படித்துப் பார்த்தால் வேறு சில உரிமைகள் எஞ்சியிருப்பதைக் காணலாம்.

முதலாவது, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. மன்றமே தீர்மானம் செய்தாலன்றிக் கதவை அடைக்க முடியாது. ஆனால் குழுக் கூட்டங்களுக்கு இவ்விதி பொருந்தாது. பல காரியங்கள் குழுக்களிலேயே உருப்பெறுவதால், நம் கருத்தை அதற்கு முன்பே எழுத்தில் சேர்ப்பித்தல் அறிவுடைமை.

இரண்டாவது, மதிப்பீட்டு வரிக்கான புதிய மதிப்புப் பட்டியல் வரும்போது, அதனைத் திருத்துவதற்கென மன்றம் குறிக்கும் நாளுக்கு 14 நாட்களுக்கு முன்னதாகவே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரி கட்டும் கடைசி நாளில் முகப்பில் நின்று சண்டையிடுவதால் பயனில்லை.

மூன்றாவது, நகர், கிராமத் திட்டச் சட்டம் தரும் உரிமை. அதுவும் 1976-இல் வந்ததே. ஒரு வட்டாரத்திற்கான திட்ட வரைவு தயாரானதும், அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களை ஏற்க வேண்டும். அத்தகைய வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டட மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், பக்கத்து நிலவுடைமையாளருக்கு மன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 21 நாட்களுக்குள் காரணங்காட்டி ஆட்சேபிக்கலாம்.

இவ்வுரிமைகள் அனைத்திற்கும் பொதுவாக உள்ளது காலக் கெடு. 14 நாள், 21 நாள் என்பன வேலைக்குப் போய்த் திரும்பும் ஒரு குடும்பத் தலைவனுக்குக் கண்மூடித் திறக்குமுன் கழிந்துவிடும். அறிவிப்பு மலாய் மொழியில் வரும், வரைபடத்தோடு இருக்கும், உடைமையாளருக்கு மட்டுமே போகும். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கு ஒன்றும் வராது. கட்டடம் எழும்போதுதான் அவர் அறிவார். இக்குறையை நீக்கவல்லது குடியிருப்பாளர் சங்கம். சங்கத்தில் ஒருவர் மன்ற அறிவிப்புப் பலகையைக் கவனிப்பார். மற்றொருவர் கடிதம் எழுதுவார். வேறொருவர் வரைபடத்தைப் படித்துப் பிறருக்கு விளக்குவார். உடைமையாளரும் வாடகைக்காரரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து செய்தியைப் பகிர்ந்து கொள்வர். தனி மனிதனின் கடிதம் மனுவாகவே நின்றுவிடும். சங்கத்தின் கடிதத்திற்கோ, இன்னாருக்கு விடை சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு எதிர்ப்பக்கத்தில் ஏற்படுகிறது.

இதற்குச் சான்றாகக் கோலாலம்பூர் ரிம்பா கியாரா பூங்காவைக் கூறலாம். தலைநகருக்குத் திட்டச் சட்டம் தனியே இருப்பினும் படிப்பினை ஒன்றே. 25 ஏக்கர்ப் பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து உயர்மாடி வீடுகள் கட்ட அனுமதி வழங்கப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதிவாசிகள் 2017-இல் நீதிமன்றம் சென்றனர். உயர் நீதிமன்றத்தில் தோற்றனர்; 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர்; 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவ்வெற்றியை உறுதி செய்தது. நகரின் கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகினால், அதற்கான காரணத்தை மாநகர்த் தலைவர் கூற வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கின் மறுபக்கத்தையும் நாம் மறக்கலாகாது. அந்நிலத்தின் ஓரத்தில் நீள்வீடுகளில் வாழ்ந்தோர், பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த அவர்களுக்குரிய வீடுகளும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு சாராருக்குப் பூங்கா. மறு சாராருக்குக் கூரை. இரண்டும் நியாயமான தேவைகளே. ஆதலால், வசதியுள்ளோரின் குரலை மட்டும் ஏந்தும் சங்கம் முழுமையான சங்கமாகாது. தன் எல்லைக்குள் உள்ள எளியோரையும் உறுப்பினராக்கி, அவர்கள் குறையையும் தன் கோரிக்கையில் சேர்த்துக் கொள்ளும் சங்கமே ஊருக்குப் பேசும் தகுதியுடையது.

சங்கம் அமைப்பது அரிய செயலன்று. 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஏழு பேர் கூடினாலே சங்கமாகும். அதனைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதே, மற்றொன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். அது அரசாங்கத் துறையின் கீழ், பாதுகாப்புக்கும் இன ஒற்றுமைக்கும் அமைந்தது, நற்பணி ஆற்றுகிறது. குடியிருப்பாளர் சங்கமோ உறுப்பினரின் சொந்த அமைப்பாதலால், வேண்டும்போது மன்றத்தை எதிர்த்தும் பேசலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இயங்க முடியும்.

தொடங்குவோர் சிறிய காரியத்திலிருந்து தொடங்குதல் நன்று. தம் பகுதிக்கு நியமிக்கப்பட்ட மன்ற உறுப்பினர் யாரென அறிதல். மாதம் ஒருமுறை அவரை அழைத்துப் பேசுதல். பேசியதைக் குறிப்பேட்டில் பதிந்து ஒரு படியை அவருக்கே அனுப்புதல். எழுதிய கடிதத்திற்கெல்லாம் தேதியும் ஒப்புகையும் வைத்திருத்தல். இவற்றுக்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. கடிதமும் கணக்கும் எழுதத் தெரிந்த இளைஞர் இன்று ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். கோயில் திருவிழாவுக்குக் குழு அமைத்து, வசூல் செய்து, வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வைக்கும் திறமை நம்மவர்க்குப் பழையதே. அத்திறமையில் ஒரு பகுதியைத் தெருவுக்கும் திடலுக்கும் செலவிட்டால், அடுத்த அறிவிப்பு வரும் நாளில் 21 நாட்களும் நம் கையில் இருக்கும்.