ஏறாத அச்சு

கலைக் கல்லூரியில் வரலாறு படிப்பவனுக்குக் காரின் அச்சைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். காலடிப்பேட்டையில் என் தாய்மாமன் பட்டறை வைத்திருக்கிறார். மாலையில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. (1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த காலட் துரை நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. அவர் பெயரே மக்கள் நாவில் ‘காலடி’ ஆயிற்று. வரலாற்று மாணவன் இதைச் சொல்லாமல் போகலாமா?)

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை மாலை, துறைமுகத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் பழைய மாருதி 800-ஐக் கொண்டு வந்தார். வளைவில் திரும்பினால் ‘கடகட’ ஓசை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும்.

அம்பாசிடரில் பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளுகின்றன. அச்சு ஒரு கூட்டுக்குள் நேராகச் சுழன்றால் போதும். 1983-இல் வந்த மாருதி 800-லோ முன் சக்கரங்களே இழுக்கின்றன. அச்சு சுழலவும் வேண்டும், சக்கரத்தோடு திரும்பவும் வேண்டும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். ஆகவே இரு முனையிலும் மூட்டுகள். வெளி மூட்டு தேய்ந்ததால்தான் அந்த ஓசை.

கடைக்கு ஓடினேன். பழைய அச்சை எடுத்துப் போகாதது என் முதல் தவறு. இடப்பக்க அச்சும் வலப்பக்க அச்சும் ஒரே நீளம் அல்ல. நான் வாங்கி வந்தது மறுபக்கத்து அச்சு! இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி நீளம், பற்களின் எண்ணிக்கை, ஆயில் சீல் உட்காரும் இடத்தின் பருமன் மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்றார் மாமா. மாற்றி வந்தேன்.

சரியான அச்சும் கியர் பெட்டிக்குள் முழுதாக ஏறவில்லை. கடைசியில் ஒரு விரற்கடை வெளியே நின்றது. அவசரத்தில் வெளிமுனையில் சுத்தியலால் இரண்டு போட்டேன்.

“இன்னாடா மாப்ள, சுத்தியாலயா பேசற? நீ அடிக்கறத நடுவுல இருக்கற மூட்டு முழுங்கிடும். உள்ள போய்ச் சேராது” என்றார் மாமா. மேலும், என் அடியில் முனையின் மரை நசுங்கியிருந்தது.

அச்சை வெளியே இழுத்துக் காட்டினார். உள்முனையின் பள்ளத்தில் ஒரு மெல்லிய கம்பி வளையம் உண்டு. அச்சு கழன்று வராமல் பிடிப்பது அதுவே. அது ஒரு பக்கமாகத் தொங்கி, கியரின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் கிரீஸை அப்பி வளையத்தை நடுவில் நிறுத்தினார். சீலின் உதடு கிழியாதபடி அச்சை மட்டமாகப் பிடித்து, பல்லோடு பல் சேரும்வரை மெல்லச் சுழற்றி, உள் மூட்டின் கிண்ணத்தைப் பிடித்து ஒரே தள்ளு. ‘டக்’கென்ற ஓசை! கிண்ணத்தைப் பிடித்தே இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தண்டைப் பிடித்து இழுத்தால் மூட்டே பிரிந்துவிடுமாம்.

சக்கரப் பக்கம் வேறு தொல்லை. கடற்காற்று சும்மா இருக்குமா? ஹப்பின் பற்களில் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பின்பே அச்சு நுழைந்தது. நசுங்கிய மரையை முக்கோண அரத்தால் ராவியது என் தண்டனை. இரவு பதினொரு மணி வரை ஆயிற்று. பிறகு நட்டு ஏறியது. சிந்திய கியர் ஆயிலை ஈடுகட்டி ஊற்றினோம்.

மறுநாள் ஆறரை மணிக்குப் பெரியவர் வண்டியை எடுத்தார். தெருமுனையில் அது திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஓசை இல்லை.