65 எழுத்து ஒரு வரி

அமெரிக்க டாக்டர் நோயாளிகளைப் பார்த்து முடித்து, குறிப்புகளைப் பேசிப் பதிவுசெய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, இங்கே சென்னையிலும் கோவையிலும் பொழுது விடியத் தொடங்கியிருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கால் பெடலை மிதித்து ஒலியை நிறுத்தியும் ஓட்டியும் ஒருவர் அதைத் தட்டச்சு செய்வார். மறுநாள் டாக்டர் வரும்போது அறிக்கை தயார். 1990களின் பிற்பகுதியிலிருந்து நம் ஊர்ப் பட்டதாரிகள் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சம்பளம் தந்தது இந்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்.

இந்தத் தொழிலில் கூலியை வரிக் கணக்கில்தான் அளப்பார்கள். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. வரிக்கு இத்தனை பைசா. தெளிவாகப் பேசும் டாக்டரின் ஃபைல் வந்தால் வரிகள் மளமளவென்று ஏறும். முணுமுணுப்பவர் வந்தால் ஒரே வாக்கியத்தைப் பத்து முறை கேட்க வேண்டும். பல இடங்களில் இரண்டுக்கும் ஒரே கூலி. இது அநியாயம்.

ஏனென்றால் இது வெறும் டைப்பிங் அல்ல. 'இலியம்' என்று காதில் விழுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம், உச்சரிப்பு ஒன்றே. முன்னும் பின்னும் டாக்டர் பேசியது வயிற்றைப் பற்றியா, எலும்பைப் பற்றியா என்று புரிந்தால்தான் சரியாக எழுத முடியும். புரியவில்லையென்றால் ஊகிக்கக் கூடாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு எடிட்டருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காமலே காதால் மருத்துவம் கற்றவர்கள் இவர்கள்.

2009இல் அமெரிக்க அரசு, மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தரச் சட்டம் கொண்டுவந்தது. பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் தேறிவிட்டது. டைப் செய்தவர்கள் மென்பொருளின் பிழையைத் திருத்துபவர்களாக மாறினார்கள். திருத்தும் வரிக்குக் கூலியும் குறைந்தது. இத்துறையின் பெரிய நிறுவனமான நுவான்ஸை 2022இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இன்று டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு மென்பொருளே குறிப்பு எழுதுகிறது. அமெரிக்காவிலேயே டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்கு 2023இல் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 37,000 டாலர்தான். வேலைவாய்ப்பு இன்னும் குறையும் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணிப்பு.

ஆகவே இதை மட்டும் நம்பிப் புதிதாக ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே இந்தத் துறையில் இருப்பவர்களின் அனுபவம் வீண்போகாது. மருத்துவச் சொற்கள் பழகியவர்களுக்கு மெடிக்கல் கோடிங் அடுத்த வீட்டு வாசல்தான். நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைச் சரியாகப் போட்டால்தான் மருத்துவமனைக்குக் காப்பீட்டுப் பணம் வரும். கோடிங் சான்றிதழ் தரும் ஏஏபிசி (AAPC) அமைப்பின் சிபிசி (CPC) தேர்வை எழுதித் தேறினால் மதிப்பு கூடும். டாக்டர் பேசப் பேச உடனுக்குடன் குறிப்பெடுக்கும் ஸ்க்ரைப் வேலையும் உண்டு. ஆனால் இரவு ஷிப்ட். உடம்பு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: கூலி டைப் செய்யும் வரிக்கா, திருத்தும் வரிக்கா? ஃபைல் வராத நாளில் என்ன தருவீர்கள்? பி.எஃப். உண்டா?