அலாரம் அடித்தும் எழாதது ஏன்?

கீ கொடுத்து ஓடும் அலாரம் டைம்பீஸுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. ஒன்று முட்களை ஓட்டும். மற்றொன்று மணியடிப்பதற்கென்றே இரவு முழுக்க முறுக்கோடு காத்திருக்கும். சிறு தடை ஒன்று அதன் சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தடை விலகும் விதத்தில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

மணி முள்ளைச் சுழற்றும் சக்கரத்தைப் பட்டை ஸ்பிரிங் ஒன்று எப்போதும் முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். சக்கரத்தில் ஒரு பள்ளம், அலாரம் முள்ளின் தண்டில் ஒரு மேடு. இரண்டும் நேருக்கு நேர் வந்தவுடன் சக்கரம் இம்மியளவு முன்னால் விழும், சுத்தியல் விடுபடும். திண்டுக்கல் பூட்டில் சாவியின் வெட்டுகள் நெம்புகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். இங்கே நேரமே சாவி. பள்ளத்தின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. அதனால்தான் அலாரம் முள்ளை அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் திருப்பச் சொல்கிறார்கள். சக்கரம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுவதால் காலை 5 மணியும் மாலை 5 மணியும் அதற்கு ஒன்றுதான். விரும்பிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளும் அலாரத்துக்கு பிரான்சின் அந்துவான் ரெதியே 1847-ல் காப்புரிமை பெற்றார்.

இந்த டைம்பீஸில் எழும் நேரத்தை முடிவு செய்தவர், முந்தைய இரவு தெளிவோடு விழித்திருந்தவர். 1956-ல் ஜெனரல் எலக்ட்ரிக்-டெலிகிரான், அலாரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் 'ஸ்னூஸ்' பொத்தானோடு கடிகாரத்தை விற்கத் தொடங்கியதும் அந்த முடிவு அரைத்தூக்கத்தில் இருப்பவர் கைக்குப் போனது. விழித்த முதல் 15 முதல் 30 நிமிடங்கள் வரை மூளை மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில்தான் பொத்தான் தீர்ப்புக் கேட்கிறது. ஸ்னூஸ் பழகியவர்களுக்கு அரை மணி நேரம் தள்ளிப்போடுவது சிந்தனையைக் கெடுக்கவில்லை என்று ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் திண்டுக்கல் நாகல் நகரில் விடியுமுன் மில் வேனைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்த அரை மணி ஒரு நாள் கூலி. டி.என்.பி.எஸ்.சி. காலைத் தேர்வு எழுதுபவருக்கோ 9 மணிக்கு மேல் மையத்துக்குள் அனுமதியே இல்லை.

தேர்வு நெருங்கும் இந்த வாரம் வாசகர் கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

ஐந்து அலாரம் வைக்கலாமா? முதல் நான்கையும் அலட்சியம் செய்யத்தான் அது பழக்கும்; ஒன்று போதும், எழுந்து நடந்தால்தான் எட்டும் தூரத்தில்.

லேசான தூக்கத்தைக் கண்டறிந்து எழுப்புவதாகச் சொல்லும் செயலிகள்? பெரும்பாலும் அவை அளப்பது உடல் அசைவை. தூக்கத்தை அளக்க மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும்.

போனை அணைத்து வைத்தால் அடிக்குமா? பழைய நோக்கியா பட்டன் போன்கள் பல அடித்தன, ஐபோன் அடிக்காது.

சைலன்ட்டில்? ஐபோனில் ஒலிக்கும், ஆண்ட்ராய்டில் செட்டிங்கைப் பொறுத்தது.

தேர்வுக்கு முந்தைய இரவில் புது அலாரத்தை நம்பிப் படுக்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே அதே நேரத்துக்கு வைத்து, அதே நேரத்துக்கு எழுந்து பாருங்கள்.