ஊசிக்கு முன்னுள்ள வினாக்கள்: யப்பானிய மூளையழற்சித் தடுப்பூசியும் மாத்தளை மாவட்டமும்

1976 ஆம் ஆண்டு பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், சுரங்கவழியே உக்குவளையை அடைந்து, சுதுகங்கையுடனும் அம்பன் கங்கையுடனும் கலந்து, போவத்தென்னையிலிருந்து கலாவாவி நோக்கிச் செல்கின்றது. மாத்தளை மாவட்டத்தை ஊடறுக்கும் இந்நீரே அநுராதபுரப் பகுதியின் புதிய குடியேற்ற வயல்களை வளப்படுத்தியது. அங்கு நெற்செய்கையோடு பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. 1985 இன் இறுதியில் அப்பகுதியிலே யப்பானிய மூளையழற்சி கொள்ளைநோயாகப் பரவியமைக்கு இவ்விரண்டின் சேர்க்கையும் ஒரு காரணமென ஆய்வாளர் கொள்வர்.

இந்நோயின் வைரசு நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகி, நெல்வயலில் உற்பத்தியாகும் கியூலெக்ஸ் நுளம்புகளால் மனிதரை அடைகின்றது. தொற்றுற்றோருட் பெரும்பாலார்க்கு எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. ஆயின் மூளை பாதிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர்வரை இறக்கலாம். பிழைத்தோர் பலர் வலிப்பு, முடக்கம் முதலிய நிரந்தரக் குறைகளுடன் வாழ நேரிடும். வைரசை அழிக்கும் மருந்து இல்லாமையால் தடுப்பூசியின் இன்றியமையாமை ஐயத்துக்கு இடமற்றது.

எனினும், தேவையானது என்பதனால் வினாக்களுக்கு அப்பாற்பட்டது என ஆகிவிடாது. இலங்கையில் 1988 இல் அறிமுகமான தடுப்பூசி, சுண்டெலியின் மூளையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரசினாலானது. பல தடவை ஏற்றவேண்டியிருந்ததோடு, ஒவ்வாமைகளும், மிக அரிதாக நரம்பு மண்டல அழற்சியும் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டன. 2005 இல் யப்பான் அதன் வழமையான பரிந்துரையை நிறுத்திவைத்தது. 2009 இல் இலங்கை, வீரியங்குறைக்கப்பட்ட உயிர்வைரசுத் தடுப்பூசிக்கு மாறியது. 2013 இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்ற இவ்வூசி, பிள்ளைக்கு 12 மாதம் பூர்த்தியானதும் ஒரு முறை ஏற்றப்படுகின்றது.

உயிர்வைரசு என்பதனாலேயே சில விடயங்களை முன்கூட்டியே அறிதல் வேண்டும். கடுங்காய்ச்சலுள்ள பிள்ளைக்கு ஊசியைப் பிற்போடுதல் தகும். சாதாரண தடிமன் தடையன்று. முன்னைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதா, வலிப்பு வந்ததா, இரத்தப் புற்றுநோயோ பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடோ உண்டா, உயர் அளவில் ஸ்டீரொயிட் மருந்து கொடுக்கப்படுகின்றதா, அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டதா என்பன சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி தவிர்க்கப்படுகின்றது. ஊசிக்குப் பின் அரைமணி நேரமேனும் பிள்ளையை நிலையத்திலேயே வைத்திருத்தல் நன்று. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அந்நேரத்துக்குள்ளேயே வெளிப்படும், அங்கு அதற்கான அட்ரினலின் மருந்தும் கைவசமிருக்கும்.

இவ்வினாக்கள் மருத்துவம் சார்ந்தவை. விடைகளோ சமூக நிலைமைகளைச் சார்ந்தவை. ரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு, நிலையத்தில் காத்திருக்கும் அரைமணி நேரம் அன்றைய சம்பளத்தோடு பிணைந்தது. பிள்ளையைக் கொண்டுவரும் பாட்டி, சென்ற ஊசியின்பின் நேர்ந்ததை அறியாதிருக்கலாம். வினா அவளுக்கு விளங்காத மொழியில் எழுப்பப்படின், அவளது தலையசைப்பே விடையாகப் பதியப்படும். அது சம்மதமுமன்று, தகவலுமன்று.

தடுப்பூசியை மறுப்போர் இந்நிலையைத் தமக்குச் சாதகமாக்கக்கூடும். நாம் அதற்கு உடன்படோம். மறுப்பின் விலையைக் கொடுப்பவை உழைப்பாளரின் பிள்ளைகளே. நாம் கோருவது பிறிதொன்று: தமிழில் கேட்கப்படும் வினா, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்படும் விடை, ஊசி நாளுக்குச் சம்பளத்துடனான விடுப்பு. தடுப்பூசியின் பாதுகாப்பு மருந்துக்குப்பியில் தொடங்குகின்றது. அது நிறைவுறுவது தாய் அச்சமின்றி வாய்திறக்கும் இடத்திலேயாகும்.